பரீட்சை எழுதி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் வகுப்பா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஐடிஐ-யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு ஊரில் ஆறு வருஷம், துபாயில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். பிறகு மனைவி வீட்டார் மூலமாக அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் ஹூஸ்டன் வந்து, அப்ரெண்டிஸாகச் சேர்ந்து, 8,000 மணி நேரத்தை முடித்து, பத்து மாதத்துக்கு முன்னால்தான் பயிற்சி முடித்த எலெக்ட்ரீஷியனுக்கான ஜர்னிமேன் லைசென்ஸ் வாங்கினேன். இன்னும் இரண்டு மாதத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குள் 4 மணி நேர வகுப்பு முடிக்க வேண்டும் என்கிறார்கள். இத்தனை வருஷம் கம்பி இழுத்தவனுக்கு, அதுவும் இப்போதுதான் பரீட்சை எழுதியவனுக்கு, எதற்கு வகுப்பு? கூட வேலை செய்கிறவர்கள், "ஆன்லைனில் காசைக் கட்டி ஓடவிட்டுட்டு உன் வேலையைப் பாரு" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? தேதி தப்பினால் என்ன ஆகும்? அக்கா மகன் என்னோடு அப்ரெண்டிஸாக இருக்கிறான், அவனுக்கும் இது உண்டா? நாளைக்கே கலிஃபோர்னியா போனால் இந்த லைசென்ஸ் செல்லுமா? இன்னொன்று, வகுப்பில் இங்கிலீஷ் வேகமாகப் பேசினால் எனக்குப் பிடிபடவில்லை.

பதில்: தம்பி, முதலில் வாழ்த்துகள். 8,000 மணி நேரம் என்றால் முழுதாக நாலு வருஷ உழைப்பு. அட்டிக்கில் ஆகஸ்ட் மாத வெக்கையில் படுத்துக்கொண்டு கம்பி இழுத்தவனுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர், வேறொரு நாட்டில் மறுபடியும் அப்ரெண்டிஸாக நின்று அதை முடித்திருக்கிறீர்கள். சாதாரண விஷயம் இல்லை.

வகுப்பு கட்டாயம்தான். டெக்சாஸில் நம் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். டிடிஎல்ஆர் என்று நாம் சொல்லும் மாநில உரிமத் துறை ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் 4 மணி நேர வகுப்பு கேட்கிறது. நேற்று பரீட்சை எழுதியவர், முப்பது வருஷம் ஜர்னிமேனுக்கு மேல்படியான மாஸ்டர் எலெக்ட்ரீஷியனாக இருப்பவர் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை. நானும் வருஷா வருஷம் உட்காருகிறேன். அந்த நாலு மணி நேரத்துக்குள் மூன்று விஷயம் வர வேண்டும்: நாம் சுருக்கமாகக் கோட் என்று சொல்லும் ஒயரிங் விதிப் புத்தகமான நேஷனல் எலெக்ட்ரிக்கல் கோட், நம் தொழிலைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டமும் விதிகளும், என்எஃப்பிஏ 70ஈ என்ற பாதுகாப்பு விதித் தொகுப்பு சொல்லும் வேலைப் பாதுகாப்பு. வகுப்பு நடத்துபவர் டிடிஎல்ஆர் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். முடித்ததும் அவரே துறைக்குத் தகவல் அனுப்பிவிடுவார்.

இந்த மாநில லைசென்ஸே அவ்வளவு பழையது இல்லை. முன்பெல்லாம் ஊருக்கு ஊர் தனி லைசென்ஸ். ஹூஸ்டனில் வாங்கியதை வைத்துக்கொண்டு பக்கத்து ஊரில் வேலை செய்ய முடியாது. 2003-ல் சட்டம் போட்டு, 2004 செப்டம்பரிலிருந்துதான் மாநிலம் முழுமைக்கும் ஒரே லைசென்ஸ் என்றானது. அதை நினைத்தால் வருஷத்துக்கு நாலு மணி நேரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சரி, "ஓடவிட்டுட்டு உன் வேலையைப் பாரு" என்ற யோசனைக்கு வருகிறேன். சட்டப்படி ஆன்லைன் வகுப்பு செல்லும். இருபது முப்பது டாலரில் கிடைக்கும். ஓடவிட்டுப் பார்க்காமல் இருந்தாலும் சான்றிதழ் வந்துவிடும் என்பதும் உண்மைதான். நான் அப்படிச் செய்தவன். அதனால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

2023 ஆகஸ்டில் என் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம், செப்டம்பர் 1-ம் தேதி, டெக்சாஸில் 2023 கோட் அமலுக்கு வரப்போகிறது. என் வகுப்பில் பெரும்பகுதி அந்த மாற்றங்களைப் பற்றித்தான். நான் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே, மறுநாள் வேலைக்குச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டே "அடுத்தது, அடுத்தது" என்று தட்டி முடித்தேன். அந்த வருஷக் கடைசியில் ஒரு வீட்டில் சமையலறையை மாற்றிக் கட்டும் வேலை. அதற்கான பெர்மிட் புது கோட்டின்கீழ் எடுத்தது. நடுவில் ஒரு பெரிய ஐலண்ட் மேடை. இருபது வருஷமாகச் செய்த மாதிரியே மேடையின் பக்கவாட்டில், கல்லுக்குக் கீழே, ஒரு பிளக் பாயின்ட் வைத்தேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு அதை ஏற்க முடியாது என்றார்.

2023 கோட்டில் அந்த இடம் மாறிவிட்டது. ஐலண்டில் பாயின்ட் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. வைத்தால் மேடை மட்டத்திலோ அதற்கு மேலேயோதான் வைக்க வேண்டும். வைக்காவிட்டால், பின்னால் ஒரு நாள் வைப்பதற்கு வசதி செய்து விட வேண்டும். கீழே வைக்கவே கூடாது. ஏன் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். அவர் அந்த வீட்டுக் குழந்தையைக் காட்டினார். இரண்டு வயது இருக்கும். கீழே தொங்கும் ஒயரை அது எட்டிப் பிடித்து இழுத்தால், மேலே இருக்கும் கொதிக்கிற பாத்திரம் தலையில் வந்து விழும். அப்படிக் குழந்தைகள் வெந்துபோன சம்பவங்களை வைத்துத்தான் விதியை மாற்றினார்கள். கல் அதற்குள் ஒட்டியாகிவிட்டது. அதில் துளை போட்டு, மேலெழும் பாயின்ட் வாங்கி வைத்து, எல்லாம் என் கைக்காசு. காசு போனது பெரிதில்லை. அந்தக் குழந்தையின் அம்மா முன்னால் நின்றபோது எனக்கு முகம் காட்ட முடியவில்லை. போன் திரையில் அந்தப் படம் ஓடியிருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

அனுபவம் இருக்கிறதே என்று கேட்கிறீர்கள். உங்கள் கை வேலையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அனுபவமே சில இடத்தில் எதிராக நிற்கும். ஊரில் கறுப்பு ஒயர் என்றால் நியூட்ரல். இங்கே கறுப்பில் கரண்ட் வரும், வெள்ளைதான் நியூட்ரல். இது உங்களுக்கு இப்போது மனப்பாடம், தெரியும். ஆனால் களைத்துப்போன நேரத்தில், இருட்டில், கை பழைய பழக்கத்துக்குப் போகும். ஊரில் ஆள் பாதுகாப்புக்கு நாம் போடும் ஆர்சிசிபி, அதாவது மின் கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம், 30 மில்லி ஆம்பியரில் விழும். இங்கே அதே வேலையைச் செய்யும் ஜிஎஃப்சிஐ 4 முதல் 6 மில்லி ஆம்பியருக்குள் விழுந்துவிட வேண்டும். ஊரில் நாம் பொருட்படுத்தாத சின்னக் கசிவுகூட இங்கே பிரேக்கரை இறக்கிவிடும். இறங்கினால் பிரேக்கர்தான் கெட்டது என்று மாற்றிக்கொண்டே இருக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

பரீட்சைக்குப் படித்தது போதாதா என்றால், பரீட்சை அன்றைக்கு இருந்த புத்தகத்தை வைத்து நடந்தது. கோட் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாறும். டெக்சாஸ் 2020 பதிப்பை 2020 நவம்பர் 1-ல் எடுத்துக்கொண்டது, 2023 பதிப்பை 2023 செப்டம்பரில். அதற்கு மேல் அந்தந்த நகராட்சிகளும் தங்கள் பங்குக்குத் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். புத்தகத்தை மட்டும் வாங்கிப் படித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் வெளியே நிற்கும் ஏசி யூனிட்.

2020 கோட்டில் 210.8 பிரிவில் புதிதாக ஒன்று சேர்த்தார்கள். வீட்டுக்கு வெளியே இருக்கும் மின் இணைப்புகளுக்கு ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு வேண்டும், ஏசியின் வெளி யூனிட்டும் அதில் சேர்த்தி. இந்த விதி வந்ததற்கு ஒரு காரணம் நம் டெக்சாஸிலேயே நடந்த சாவு. வேலி தாண்டிக் குதித்த ஒரு சிறுவன், கசிவு இருந்த ஏசி யூனிட்டைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்துபோனான். அந்த யூனிட்டுக்கு எர்த் சரியாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பான் என்று இன்றைக்கும் எனக்கு மனசு கேட்கவில்லை.

விதி வந்தது. அடுத்த வெயில் காலம் புதிதாகப் போட்ட ஏசிகள், முக்கியமாக வேகம் மாறி ஓடும் இன்வெர்ட்டர் வகை, காரணமே இல்லாமல் ஜிஎஃப்சிஐ-யை இறக்க ஆரம்பித்தன. 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டிய வெயிலில் வயசானவர்கள் இருக்கும் வீட்டில் ஏசி நின்றால் அதுவும் உயிர் ஆபத்துதான். அதனால் 2021-ல் டெக்சாஸ் அவசர விதி போட்டு அந்த ஒரு பகுதியை மட்டும் ஏசிகளுக்குத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. பிறகு 2023 கோட்டிலேயே, சோதித்துச் சான்று பெற்ற ஏசி சாதனங்களுக்கு விலக்கு கொடுத்து, அந்த விலக்கு 2026 செப்டம்பர் 1-ல் முடியும் என்று எழுதினார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். 2021 ஜூலையில் கோட் புத்தகத்தை மட்டும் பார்த்து ஏசி மாட்டியவனுக்கு மாநிலம் என்ன சொன்னது என்று தெரியாது. பக்கத்து ஆள் சொன்னதை மட்டும் கேட்டவனுக்கு அந்த நிறுத்தம் ஏன், எதுவரை என்று தெரியாது. புத்தகமும் மாநில விதியும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவது இந்த வகுப்பில்தான். எனக்குத் தெரிந்து, வேலையில் இருக்கிற ஆளுக்கு "இந்த வருஷம் இது மாறிவிட்டது" என்று யாராவது உட்கார்ந்து சொல்வது வருஷத்தில் இந்த நாலு மணி நேரம் மட்டும்தான். முதலாளிக்கு நேரமில்லை. இன்ஸ்பெக்டர் வேலை முடிந்த பிறகுதான் வருவார். ஏசி விலக்கின் இப்போதைய நிலை என்ன என்பதை இந்த முறை வகுப்பில் நீங்களே கேளுங்கள்.

வீடுகளில் ஒயரிங் வேலையே அதிகம் செய்கிறவர் என்றால் கவனித்துக் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. சமையலறையில் முன்பு மேடைக்கு மேலே இருக்கும் பாயின்டுகளுக்கு மட்டும் ஜிஎஃப்சிஐ போதும். 2023-ல் சமையலறையின் எல்லா பாயின்டுக்கும் வேண்டும் என்றானது, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பதும் சேர்த்து. துணி உலர்த்தும் டிரையருக்கான 240 வோல்ட் பாயின்டும் உள்ளே வந்துவிட்டது. பழையது உடைந்துவிட்டது, புதிதாக ஒன்று மாட்டுகிறேன், அவ்வளவுதானே என்று சும்மா மாட்டிவிட்டுப் போக முடியாது. இன்றைய விதி அந்த இடத்துக்கு ஜிஎஃப்சிஐ கேட்டால், மாற்றும்போதே கொடுக்க வேண்டும்.

மூன்றாவது பகுதியான பாதுகாப்பைத்தான் எல்லாரும் தூங்கிக் கழிப்பார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் எல்லார் சட்டைப் பையிலும் ஒரு டெஸ்டர் ஸ்குரூடிரைவர் இருக்கும். விளக்கு எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று கை வைத்துவிடுவோம். நானும் அப்படி வளர்ந்தவன். 70ஈ சொல்லும் முறை வேறு. முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வேலை செய்யப்போகும் இடத்தில். அப்புறம் மறுபடியும் முதலில் பார்த்த இடத்தில். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் இரண்டாவது சோதனை பொய் சொல்லியிருக்கும், மூன்றாவதில்தான் அது தெரியும். பிரேக்கரை இறக்கிப் பூட்டும் போட்டு, சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு இங்கேயே இருக்கும் இன்னொரு ஆபத்து: பழைய வீடுகளில் இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரலை ஓட்டியிருப்பார்கள். ஒரு பிரேக்கரை மட்டும் இறக்கிவிட்டு வெள்ளை ஒயரைப் பிரித்தால், இன்னொரு சர்க்யூட்டின் கரண்ட் அந்த வெள்ளை வழியாக உங்கள் கைக்கு வரும். இரண்டு பிரேக்கரும் ஓடும்போதே அந்த வெள்ளையைப் பிரித்தால், வீட்டில் ஓடும் 120 வோல்ட் சாமான்களுக்கு 240 வரை போய் அவையும் எரிந்துவிடலாம். இரண்டு பிரேக்கரும் சேர்ந்தே இறங்கும்படி இணைக்க வேண்டும் என்று கோட் சொன்னதே இதற்காகத்தான். பழைய பேனல்களில் அந்த இணைப்பு இருக்காது. நியூட்ரல்தானே என்று ஒருபோதும் கை வைக்காதீர்கள்.

அதனால் என் யோசனை இது. முதல் வருஷம் ஆன்லைன் வேண்டாம். நேரில் நடக்கும் வகுப்பு ஒன்றைத் தேடிப் போங்கள். கொஞ்சம் காசு கூட ஆகும், ஒரு சனிக்கிழமை போகும். ஆனால் முப்பது எலெக்ட்ரீஷியன்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, "எங்க ஊர் இன்ஸ்பெக்டர் இதை இப்படிப் பார்க்கிறார்" என்று பேசிக்கொள்வது வேறெங்கும் கிடைக்காது. உங்கள் கடிதத்தின் கடைசியில் இங்கிலீஷ் வேகமாகப் பேசினால் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கோட் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். சொல்பவர் 210.8 என்றால் அந்தப் பக்கத்தைத் திருப்பி அடையாளம் வையுங்கள். எண்ணுக்கு மொழி கிடையாது. வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்து, ஒரு நோட்டில் பிரிவு எண்ணைப் போட்டு, பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஐலண்ட் பாயின்ட் விஷயத்தை அதில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

தேதி விஷயம். வகுப்பை இப்போதைய லைசென்ஸ் காலத்துக்குள்ளேயே முடிக்க வேண்டும். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வகுப்பு நடத்தியவர் தகவல் அனுப்பி, அது உங்கள் பெயரில் ஏற இடைவெளி வேண்டும். டிடிஎல்ஆர் தளத்தில் லைசென்ஸ் எண்ணைக் கொடுத்து மணி நேரம் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள். ஜர்னிமேனுக்கு 30 டாலர். தேதி தாண்டி 90 நாளுக்குள் என்றால் ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் 18 மாதம் வரை இரண்டு மடங்கு. 18 மாதம் தாண்டினால் துறை இயக்குநரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். மூன்று வருஷம் போய்விட்டால் புதிதாக விண்ணப்பித்து மறுபடியும் பரீட்சை. பணத்தைவிட முக்கியம், லைசென்ஸ் காலாவதியான நாளிலிருந்து புதுப்பிக்கும் நாள் வரை நீங்கள் வேலை செய்யக் கூடாது. செய்தால் உங்களுக்கும் அபராதம், உங்களை வைத்து வேலை வாங்கிய நிறுவனத்துக்கும் தலைவலி.

அக்கா மகனுக்கும் உண்டு. அப்ரெண்டிஸ் லைசென்ஸைப் புதுப்பிக்கவும் அதே 4 மணி நேரம் வேண்டும். டிடிஎல்ஆரில் பதிவான அப்ரெண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் அவன் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தால் மட்டும் இந்த வகுப்பு தேவையில்லை. அப்படிச் சேரவில்லை என்றால், சேர்த்துவிடப் பாருங்கள். வகுப்பு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் ஐடிஐ-யில் முறையாகப் படித்துவிட்டு வந்தீர்கள். அவனுக்கு அந்த அடித்தளம் இல்லாமல் வெறும் கை பழக்கம் மட்டும் இருந்தால் பரீட்சையில் திணறுவான்.

கலிஃபோர்னியா கதை தனி. டெக்சாஸ் லைசென்ஸை அங்கே மாற்றிக்கொள்ள வழி கிடையாது. அந்த மாநிலத்தின் பரீட்சையை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது மூன்று வருஷத்துக்குச் செல்லும். புதுப்பிக்க 32 மணி நேர வகுப்போடு, அந்த மூன்று வருஷத்தில் 2,000 மணி நேரம் தொழிலில் இருந்ததற்கும் கணக்குக் காட்ட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் மூன்று வருஷத்துக்கு 24 மணி நேரம், மின்னசோட்டாவில் இரண்டு வருஷத்துக்கு 16. அங்கேயெல்லாம் இருப்பவர்கள் நம் நாலு மணி நேரத்தைப் பார்த்து ஏங்குவார்கள். போவது உறுதியானால், இங்கே நீங்கள் வேலை செய்த மணி நேரத்துக்கு மாஸ்டர் கையெழுத்திட்ட கடிதங்களை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அந்த நிறுவனம் மூடிவிட்டாலோ மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டாலோ அந்தக் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

இந்த மாதக் கடைசிக்குள் வகுப்புக்குப் பதிவு செய்துவிடுங்கள் தம்பி. அக்கா மகனையும் கூட்டிப் போங்கள். போகும்போது, நீங்கள் கடைசியாக மாட்டிய டிரையர் பாயின்டைப் பற்றி ஒரு கேள்வி எழுதி எடுத்துப் போய் அங்கே கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள், என் நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.